கையேந்தாமல் வாழ ஒரு நாடு கண்ட வழி



"இங்கிலாந்தில் வைத்தியம் இனாமாம், வேலை இல்லாதவனுக்கும் அரசாங்கமே படி அளக்கிறதாம்" என்று நம் வட்டாரத்தில் பேசிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1960, 70ஆம் ஆண்டுகளில் தாதிப் பயிற்சிக்காக இங்கிருந்து அந்நாட்டுக்குச் சென்ற நம் பெண்கள் பலர். அவர்கள் வழியாகவும் இச்செய்தி நம் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் வந்து சேர்ந்தது. கேட்டவர்கள், "பணக்கார நாடு, செய்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் உண்மை வேறு. பிரிட்டன் அந்த ஏற்பாட்டைச் செய்தபோது அது பணக்கார நாடாக இல்லை. ஆறு ஆண்டுப் போரில் நொடித்து, அமெரிக்காவிடம் கடன் வாங்கி, ரொட்டிக்கும் பங்கீட்டு அட்டை வைத்திருந்த நேரத்தில்தான் அதைச் செய்தது. அதற்கு முன் அங்கே ஏழையாகப் பிறந்தவன் பட்ட பாட்டைக் கேட்டால் நமக்கே மனம் கலங்கும். அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள்? அந்த வரலாற்றைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏழைகள் விடுதி

அங்கே ஏழைகளுக்கான சட்டம் மிகப் பழையது. 1601ஆம் ஆண்டிலேயே எலிசபெத் ராணியார் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 1834இல் அதைக் கடுமையாக்கினார்கள். உதவி வேண்டுமென்றால் "ஏழைகள் விடுதி"க்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள்.

விடுதி என்றதும் அன்ன சத்திரம் போலிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே போனதும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். விடுதியின் உடையை உடுத்திக்கொண்டு, கல் உடைப்பது, பழைய கயிற்றைப் பிரித்து நார் எடுப்பது போன்ற வேலைகளைச் செய்ய வேண்டும். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனைவிட உள்ளே இருப்பவன் தாழ்வான நிலையில் இருக்க வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. அப்போதுதான் யாரும் எளிதில் உதவி கேட்டு வரமாட்டார்களாம்!

இதனால் பட்டினி கிடந்தாலும் கிடப்போம், விடுதிப் படி ஏறமாட்டோம் என்று வைராக்கியத்தோடு இருந்தவர்கள் ஏராளம். அநாதைப் பிணமாக ஊர்ச் செலவில் புதைத்துவிடுவார்களே என்று அஞ்சி, வாரந்தோறும் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என்று சவ அடக்கத்துக்காகச் சீட்டுக் கட்டி வந்தார்கள். நம் தோட்டங்களில் மரண சகாய நிதிக்கு மாதாமாதம் காசு கட்டிய பெரியவர்களுக்கு அந்த அச்சம் எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

முதல் இரண்டு படிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை சற்றே அசைந்தது. 1908இல் முதியோர் உதவித்தொகைச் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல் தேதி தொடங்கி, 70 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. அந்நாளில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். தொகை சிறியதுதான். ஆனால் அதைத் தபால் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். விடுதிக்குள் நுழைய வேண்டியதில்லை.

அடுத்து 1911இல் தேசிய காப்புறுதிச் சட்டம் வந்தது. நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்தது அது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் கட்ட வேண்டும். தொழிலாளி நோய்வாய்ப்பட்டால் டாக்டரும் உண்டு. சில வாரங்களுக்குப் படியும் உண்டு. நாலு பென்ஸ் போட்டால் ஒன்பது பென்ஸ் பலன் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டாக்டர் வசதி சந்தா கட்டிய தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. எனவே குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தாய் ஓடி ஓடிப் பார்ப்பாள். தனக்கு வந்தால் மட்டும் மறைத்துக்கொள்வாள். டாக்டர் கட்டணத்தில் ஒரு வாரத்து மளிகையே போய்விடுமே!

வீட்டுக்குள் நுழைந்த கணக்கு

1930களில் உலகமெங்கும் தொழில் மந்தம். பிரிட்டனில் கப்பல் கட்டும் ஊர்களும் சுரங்க ஊர்களும் துணி ஆலை ஊர்களும் வேலையிழந்து நின்றன. காப்புறுதிப் பணம் தீர்ந்தவர்களுக்கு அரசாங்கம் படி தர முன்வந்தது. ஆனால் 1931இல் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தது. அதற்கு வருமானச் சோதனை என்று பெயர்.

அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். எத்தனை நாற்காலி, என்ன சேமிப்பு, யார் யாருக்கு என்ன சம்பளம் என்று கேட்டு எழுதுவார். தேவைக்கு மேல் மேசை நாற்காலி இருந்தால் விற்றுச் சாப்பிடச் சொல்வதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமை என்னவென்றால், மகனோ மகளோ சம்பாதித்தால் அந்தச் சம்பளத்தைத் தகப்பனின் படியில் கழித்துவிடுவார்கள். வாழ்நாள் முழுதும் உழைத்தவர் பதினெட்டு வயது மகனின் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. தகப்பனுக்குப் படி கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கியதும் உண்டு. வயிற்றுக்குச் சிறிது கொடுத்துவிட்டு மானத்தை எடுத்துக்கொண்ட அந்தச் சோதனையை அம்மக்கள் கடைசிவரை மறக்கவில்லை.

1936 அக்டோபரில் ஜாரோ என்ற வடக்கத்தி ஊரிலிருந்து சுமார் 200 ஆடவர்கள் லண்டனுக்கு நடந்தே சென்றார்கள். கப்பல் பட்டறை மூடப்பட்டதால் அந்த ஊரே வேலையிழந்து கிடந்தது. அவர்கள் தொகுதி உறுப்பினரான எல்லன் வில்கின்சன் அம்மையாரும் வழியில் அவர்களோடு நடந்தார். ஏறக்குறைய 300 மைல் நடந்து மனுக் கொடுத்தார்கள். அன்றைய பிரதமர் பால்ட்வின் அவர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார்.

போர் கற்றுத் தந்த பாடம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டு விழும் என்று அஞ்சி, சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தையுள்ள தாய்மார்களும்தான். நகரத்துச் சேரிப் பிள்ளைகள் கிராமத்து வசதியானவர்கள் வீடுகளில் போய் இறங்கினார்கள். காலில் நல்ல செருப்பில்லை, தலையில் பேன், உடம்பில் சொறி. "நம் நாட்டிலா இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்று வசதி படைத்தவர்கள் அப்போதுதான் திகைத்தார்கள்.

1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு வந்தது. பிரபுவுக்கும் அதே பன்றி இறைச்சி அளவு, பால்காரருக்கும் அதே அளவு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைண்ட் பால் குறைந்த விலையில் கிடைத்தது, இல்லாதவர்களுக்கு இனாம். பின்னர் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் சேர்ந்தன. நாட்டில் பண்டம் குறைந்த காலத்தில்தான் பல ஏழைப் பிள்ளைகள் முதன் முதலாக ஒழுங்காகப் பால் குடித்தார்கள்! குண்டடி பட்டவர்களுக்காக மருத்துவமனைகளை அரசாங்கமே ஒருங்கிணைத்து நடத்தியது. விமானத்திலிருந்து விழும் குண்டு வங்கிக் கணக்கைப் பார்த்து விழுவதில்லையே. எல்லாரும் சேர்ந்து துன்பப்பட்டபோது, எல்லாருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய முடியும் என்பது கண்கூடாகத் தெரிந்தது. பலரும் வெறுத்த குடும்ப வருமானச் சோதனையை 1941இல் நீக்கினார்கள்.

ரங்பூரில் பிறந்தவர்

இனி நாம் சந்திக்கப் போகும் மனிதர் வில்லியம் பெவரிட்ஜ். 1879இல் வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தை இந்திய அரசுப் பணியில் இருந்தவர். பெவரிட்ஜ் இளமையில் கிழக்கு லண்டனின் ஏழைகளிடையே சமூகப் பணி செய்தவர்; வேலையின்மை பற்றி நூல் எழுதியவர்; பின்பு லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் தலைவராக இருந்தவர்.

1941 ஜூனில் ஒரு குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அப்போது இருந்த பலவகைக் காப்புறுதிகளைச் சீர்செய்ய யோசனை கூறுவதே வேலை. ஏதோ கோப்புகளை அடுக்கி வைக்கும் வேலை என்றுதான் மேலிடத்தில் எண்ணினார்கள். அவரோ நாட்டையே திருத்தி அமைக்கும் ஒரு திட்டத்தை எழுதிக் கையில் கொடுத்தார்.

1942 டிசம்பரில் அந்த அறிக்கை வெளிவந்தது. அரசாங்க வெளியீடு என்றால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? இதை வாங்க லண்டனில் வரிசை பிடித்து நின்றார்கள். சுருக்கப் பதிப்பும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

நாட்டின் பாதையை ஐந்து அரக்கர்கள் மறித்து நிற்கிறார்கள் என்றார் பெவரிட்ஜ். இல்லாமை, நோய், அறியாமை, இட நெருக்கடியும் அழுக்கும், வேலையின்மை ஆகியவையே அந்த ஐவர். ஒருவனை மட்டும் வீழ்த்திப் பயனில்லை. நோய் தீர்ந்து ஈரச் சுவர் வீட்டுக்குத் திரும்பினால் மீண்டும் நோய் வரும். பிள்ளைக்குப் பள்ளி இருந்தும் வீட்டில் சோறில்லையென்றால் படிப்பு ஏறாது. இது எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தினமும் வகுப்பறையில் காணும் உண்மை.

அவருடைய திட்டத்தின் உயிர்நாடி எளிமையானது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரே அளவு சந்தா கட்ட வேண்டும். வேலை போனாலும், நோய் வந்தாலும், முதுமை வந்தாலும், கணவன் இறந்தாலும் அந்தப் பொது நிதியிலிருந்து ஒரே அளவு படி கிடைக்கும். வீட்டில் எத்தனை நாற்காலி என்று யாரும் கேட்கமாட்டார்கள். சந்தா கட்டியவன் தன் உரிமையைப் பெறுகிறான், யாரிடமும் கையேந்தவில்லை.

அந்த டிசம்பரில் நம் நிலை என்ன? மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு தின்ற காலம் அது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, திரும்பி வராமல் போன நம் தோட்டத்து ஆடவர் எத்தனையோ பேர். அவர்களுடைய குடும்பங்களுக்குப் படி அளக்க எந்தத் திட்டமும் இருக்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

தாயின் கையில் ஐந்து ஷில்லிங்

போர் முடிவதற்குள்ளாகவே இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அரசாங்கப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வி எல்லாருக்கும் இலவசமாயிற்று. 1947இல் கட்டாயக் கல்வி வயது 15ஆக உயர்ந்தது.

மற்றொன்று 1945இல் வந்த குடும்பப் படிச் சட்டம். இதற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடியவர் எலினோர் ராத்போன் என்ற பெண்மணி. சம்பளம் ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வீட்டில் எத்தனை வாய் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு தொகை வேண்டும் என்பது அவர் வாதம். சட்டம் வந்தபோது அதில் பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். அம்மையார் விடவில்லை. பிள்ளைக்குச் சோறு ஆக்குபவள் தாய், பணம் அவள் கையில்தான் போக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடி மாற்ற வைத்தார்.

1946 ஆகஸ்டு முதல், முதல் பிள்ளை நீங்கலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங் தாய்மார்கள் கைக்கு வந்தது. அதைக் காண ராத்போன் உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். சம்பள நாளன்று கள்ளுக்கடைப் பக்கம் திரும்பிய கால்களை எண்ணிக் கலங்கிய நம் பாட்டிமார்களுக்கு இந்த அம்மையாரின் அருமை நன்றாகப் புரிந்திருக்கும்.

சுரங்கத்திலிருந்து மந்திரி சபைக்கு

1945 ஜூலையில் பொதுத் தேர்தல் நடந்தது. போரில் வென்று தந்த சர்ச்சில் தோற்றார். தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது. அட்லி பிரதமரானார். இந்தியாவுக்கு விடுதலை வழங்கிய அதே அட்லிதான். அவர் காலத்தில் பெவரிட்ஜின் தாள் திட்டம் சட்டமாயிற்று.

அதை நடத்தி முடித்த அமைச்சர்கள் இருவரும் வேல்ஸ் நாட்டுக்காரர்கள். இருவரும் இளம் வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். காப்புறுதி அமைச்சர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ் 1946இல் தேசிய காப்புறுதிச் சட்டத்தையும், வேலையிடத்து விபத்துக்கான தனிச் சட்டத்தையும் கொண்டுவந்தார். சுகாதார அமைச்சர் அனாயரின் பெவன். பெவரிட்ஜ் வேறு, இந்தப் பெவன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெவனின் சொந்த ஊர் டிரெடீகர். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து வாரம் சில பென்ஸ் போட்டு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தார்கள். டாக்டர், தாதி, மருத்துவமனை எல்லாம் அந்தச் சங்கத்தால் அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைத்தன. தம் ஊரில் கண்டதையே நாடு முழுவதற்கும் செய்ய நினைத்தார் பெவன்.

டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1948 பிப்ரவரியில் எடுத்த வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். அரசாங்கச் சம்பளக்காரர்களாகிவிடுவோம் என்று அவர்களுக்கு அச்சம். பெவன் வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் வளைந்தார். பெரிய நிபுணர்கள் தனிப்பட்ட நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். குடும்ப டாக்டர்களை முழுச் சம்பளக்காரர்களாக்கமாட்டோம் என்று உறுதி கூறினார். திட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1948 ஜூலை 5. அன்றுதான் எல்லாச் சட்டங்களும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 2,688 மருத்துவமனைகள் ஒரே அமைப்பின் கீழ் வந்தன. பழைய ஏழைகள் சட்டமும் அதே நாளில் முடிவுக்கு வந்தது. 1601இல் தொடங்கிய கதை அது!

முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. அதுவரை ஏழைகள் கடையில் குவித்து வைத்திருக்கும் கண்ணாடிகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஓரளவு தெரிவதை வாங்கிப் போனவர்கள். டாக்டர்களின் அறைகளுக்கு முன்னால் தாய்மார்கள் வந்து நின்றார்கள். கர்ப்பப்பை இறங்கிய நிலையில் ஆண்டுக்கணக்காகத் துணி துவைத்து, தண்ணீர் சுமந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள் அவர்களில் பலர். இத்தனை நோய் நாட்டில் மறைந்து கிடந்ததா என்று டாக்டர்களே வியந்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

இந்த வரலாற்றை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "சார், எல்லாம் இனாம்னா, யாரு சார் காசு கொடுத்தது?" என்றான். நல்ல கேள்வி. பெரியவர்களும் கேட்க வேண்டிய கேள்வி.

எதுவும் இனாமாக வரவில்லை. 1948இல் வேலை செய்யும் ஆடவர் ஒருவர் வாரம் 4 ஷில்லிங் 11 பென்ஸ் சந்தா கட்டினார். முதலாளியும் தம் பங்கைக் கட்டினார். அதற்கான முத்திரையை வாரந்தோறும் அட்டையில் ஒட்டினார்கள். வேலையிழந்தாலோ நோயில் விழுந்தாலோ தனி ஆளுக்கு வாரம் 26 ஷில்லிங், கணவன் மனைவிக்கு 42 ஷில்லிங் கிடைத்தது. இறந்தால் அடக்கச் செலவுக்கு 20 பவுன் வரை கிடைக்கவும் வழி செய்தார்கள். மருத்துவமனைச் செலவுக்குப் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வந்தது. அதாவது, சுகமாக இருக்கும்போது எல்லாரும் கொடுத்தார்கள். கஷ்டம் வந்தவர் எடுத்துக்கொண்டார்.

நாட்டின் கஜானாவோ காலி. 1945 டிசம்பரில் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். அந்தக் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள்! போர்க் காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 ஜூலையில் வந்து 1948 ஜூலைக் கடைசி வரை நீடித்தது. சுகாதாரச் சேவை தொடங்கிய நாளில் அந்நாட்டில் ரொட்டிக்கு அளவு இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பவுன் நாணயத்தைப் பயன்படுத்திய நாடுகளுக்குள் அமெரிக்க டாலரை அதிகமாக ஈட்டித் தந்தது மலாயா. நம் ரப்பரும் ஈயமும்தான் அதற்குக் காரணம். விடியற்காலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்களின் வியர்வை, போருக்குப் பின் தள்ளாடிய பிரிட்டனுக்குத் தாங்கு கோலாக இருந்தது. அந்தத் தொழிலாளிக்கு மட்டும் பெவரிட்ஜ் திட்டம் வரவில்லை. அவருக்கு லயத்து வீடும், ஆயாக் கொட்டகையும், தோட்ட மருத்துவமனையும் வேலையோடு கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடும் போகும், மருந்தும் போகும்.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னால் பாதிக் கதையாகிவிடும். பெவரிட்ஜ் திட்டம் திருமணமான பெண்களைக் கணவனைச் சார்ந்தவர்களாகவே வைத்தது. வேலை பார்த்தாலும் குறைந்த சந்தா கட்டலாம் என்று விட்டதால், பலருக்கு முதுமையில் தம் பெயரில் ஓய்வூதியம் இல்லாமற் போயிற்று. முதியோர் படியும் போதவில்லை. வருமானத்தைச் சோதித்துத் தரும் தனி உதவியை நாடியவர்கள் சில ஆண்டுகளிலேயே பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

1951இல் கொரியப் போருக்கு ஆயுதச் செலவு கூடியபோது, கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதித்தார்கள். அதை எதிர்த்துப் பெவன் பதவி விலகினார். 1952இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் 1946 முதல் கிடைத்த இலவசப் பாலை, 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்தினார்கள். அன்றைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர்.

ஆயினும் ஓர் ஊர்க் கணக்கைப் பாருங்கள். யார்க் நகரத்தில் ரவுன்ட்ரீ என்பவர் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்தார். 1936இல் அவர்களில் 100க்கு 31 பேர் வறுமையில் இருந்தார்கள். 1950இல் அது 100க்கு 3க்கும் குறைவு என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கு மிகவும் நம்பிக்கையானது என்றார்கள். எல்லாருக்கும் வேலை கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். இருந்தாலும் முன்னேற்றம் உண்மை.

இந்தச் சேவையைத் தாங்கி நின்றவர்களில் வெளிநாட்டவர் பங்கும் பெரிது. மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, இலங்கை, மலேசியா எனப் பல இடங்களிலிருந்து போன தாதியரும் டாக்டர்களும் இல்லாமல் அந்த மருத்துவமனைகள் ஓடியிருக்கமாட்டா.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டிலும் அந்த எண்ணத்தின் கிளைகள் உண்டு. மலாயாவில் 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி வந்தது. இவை ஒவ்வொருவருக்கும் தனித்தனி உண்டியல். நாம் போட்டதும் முதலாளி போட்டதும் நம் பெயரிலேயே சேரும். மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த சொக்சோ வேறு வகை. அது பெவரிட்ஜ் சொன்ன பொதுப் பை. எல்லாரும் போடுகிறோம், விபத்தோ செயலிழப்போ மரணமோ நேர்ந்த குடும்பம் எடுத்துக்கொள்கிறது. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் இடமுண்டு. 2018 முதல் வேலையிழந்தோர் காப்புறுதியும், 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கான திட்டமும் சேர்ந்துள்ளன.

இவற்றைப் பற்றி நம்மவர்களிடம் இன்னும் ஒரு கூச்சம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்றின் தகப்பனார் சாலை விபத்தில் இறந்துபோனார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்தது. மூன்று மாதம் ஆகியும் அந்தத் தாயார் சொக்சோ அலுவலகப் பக்கமே போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"போய் கையேந்தி நிக்கக் கூச்சமா இருக்கு சார். அவரு இருந்தப்போ யாருகிட்டயும் அஞ்சு காசு வாங்கினது இல்ல."

"இது தருமம் இல்லம்மா. மாசா மாசம் அவரு சம்பளத்துல பிடிச்ச காசு. அவரு உங்களுக்காகக் கட்டி வச்சது" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் சம்பளச் சீட்டுகள் இருந்த பையை எடுத்து வந்தார். மறுநாளே பாரங்களை நிரப்பினோம். இன்று மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் பணம் வருகிறது.

வாசகர்களே, பிரிட்டிஷ் மக்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் வாங்கிய அடிக்குப் பின் கண்டுகொண்டது இதுதான்: எல்லாரும் சேர்ந்து கட்டியதிலிருந்து கஷ்ட காலத்தில் பெறுவது பிச்சையாகாது. ஆகவே சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். குத்தகை வேலையானாலும் கேளுங்கள். சேமநிதிக்கு வாரிசுப் பெயரைப் பதிந்து வையுங்கள். வேலையில் அடிபட்டால் சிறு காயம் என்று விட்டுவிடாமல் எழுத்தில் தெரிவியுங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லையென்றால் வெட்கப்படாமல் பக்கத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளி விட்டபின் பிற்பகலில் எங்களுக்கு நேரம் உண்டு.